வந்தே பாரத் ஃப்ளைட்டு: ஏறுறதுக்கு முன்னாடியும் எறங்குன பின்னாடியும்

2020 கொரோனா டைம்ல வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட எல்லாரையும் கவர்மெண்டு வந்தே பாரத்ங்கிற திட்டத்துல ஓசியில ஃப்ளைட்டு வச்சு கூட்டிட்டு வந்துச்சுன்னு இன்னைக்கும் நெறய பேரு நம்பிக்கிட்டு இருக்காங்க. அப்படி இல்லீங்க. டிக்கெட்டு நம்ம காசு, துபாய்ல இருந்து சென்னைக்கு 15,000 ரூபாய் பக்கம் வந்துச்சு, எறங்குன பின்னாடி தனிமையில இருக்க ஓட்டல் வேணும்னா அதுவும் நம்ம காசு. கவர்மெண்டு பண்ணது ரெண்டு வேலை. எல்லா நாட்டுலயும் வானத்த மூடி வச்சிருந்த நேரத்துல ஒரு ஃப்ளைட்ட கெளப்புனது ஒண்ணு, அதுல யாரு மொதல்ல ஏறணும்னு லிஸ்ட் போட்டது இன்னொண்ணு. இத கொறையா சொல்லல, அந்த ரெண்டையும் வேற எவனாலயும் பண்ணிருக்க முடியாது. ஆனா அந்த லிஸ்ட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி உள்ள வேலையும், எறங்குனதுக்கு அப்புறம் உள்ள வேலையும் முழுக்க நம்ம தலையிலதான். அது புரிஞ்சவன் சீக்கிரம் வந்தான், புரியாதவன் ரூம்லயே ஒக்காந்து இன்னைக்கு போன் வரும் நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டு இருந்தான்.

நான் அப்ப துபாய் சோனாப்பூர்ல ஒரு கட்டட கம்பெனி கேம்ப்ல டைம் கீப்பர். கம்பெனி பேரு வேணாம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், லேப்டாப் ஒண்ணு இருந்துச்சு, அதனால எங்க பிளாக்ல ஃபார்ம் ரொப்புற வேலை தானா என்கிட்ட வந்துருச்சு. மார்ச் 22ல இருந்து இந்தியா வெளிநாட்டு ஃப்ளைட்டு எதையும் எறங்க விடல, ரெண்டு மூணு நாள்ல யூஏஇயும் (ஐக்கிய அரபு அமீரகம்) பயணிகள் ஃப்ளைட்ட நிறுத்திருச்சு, அப்புறம் ஏப்ரல் 4ல இருந்து துபாய்ல 24 மணி நேர ஊரடங்கு. சைட்டு வேலை பாதி நின்னு போச்சு, பஸ்ஸுல பாதி ஆளத்தான் ஏத்துவாங்க, ரூம்ல கட்டில் மேல கட்டில் போட்டு படுத்திருக்குற எடத்துல இடைவெளி விட்டு இருங்கன்னு போர்டு வச்சிருந்தாங்க. எவனுக்காவது லேசா இருமல் வந்தா மத்தவன் எல்லாம் போர்வைய எடுத்துக்கிட்டு வராண்டாவுக்கு போயிருவான்.

ஏப்ரல் கடைசியில எம்பசியும் துபாய் கான்சுலேட்டும் சேந்து ஆன்லைன் பதிவு தெறந்தாங்க. கொஞ்ச நாள்லயே யூஏஇயில மட்டும் ரெண்டு லட்சம் பேரு வரைக்கும் பேரு குடுத்துட்டாங்க. மே 7 அன்னைக்கு மொத ஃப்ளைட்டு, அபுதாபியில இருந்து கொச்சிக்கு ஒண்ணு, துபாய்ல இருந்து கோழிக்கோட்டுக்கு ஒண்ணு. சென்னைக்கு அதுக்கு அடுத்த நாள் ராத்திரி கெளம்புச்சு. மொத வாரத்துக்கு 12 நாட்டுல இருந்து 64 ஃப்ளைட்டு, மொத்தம் 14,800 பேருன்னு அறிவிச்சாங்க, அதுல யூஏஇக்கு 10 ஃப்ளைட்டு. இப்ப நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ஃப்ளைட்டுல 180 பேரு பக்கம், பத்துக்கும் சேத்து 1,800 பேரு பக்கம்தான், வெளிய நிக்கிறது ரெண்டு லட்சம் பேரு. இந்தக் கணக்கு தெரிஞ்ச பின்னாடி தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது, பதிவு பண்ண நேரத்துக்கோ வரிசைக்கோ இங்க மதிப்பே கெடையாது, காரணத்துக்கு மட்டும்தான் மதிப்பு.

யாருக்கு முன்னுரிமைன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. வேலை போன தொழிலாளிங்க, விசா முடிஞ்சவங்க, விசிட் விசாவுல வந்து மாட்டுனவங்க, கர்ப்பிணிங்க, வயசானவங்க, அவசர வைத்தியம் வேணும்னு இருக்குறவங்க, வீட்டுல சாவு விழுந்தவங்க, ஸ்டூடண்ட்ஸ். இதுல நாம எதுல வர்றோம்னு ஃபார்ம்ல தெளிவா இருக்க வேண்டியிருந்துச்சு. எங்க கேம்ப்ல ஒரு மேசன் அண்ணன், அம்பது வயசுக்கு மேல, சுகர், காலுல ஆறாத புண்ணு, கம்பெனி வேலைய விட்டு எடுத்து விசா கேன்சல் பண்ணி பேப்பரும் குடுத்துருச்சு. அவரு ரூம்ல ஒரு பையன் அவருக்கு ஃபார்ம் ரொப்பிக் குடுத்திருக்கான், காரணம்ங்கிற எடத்துல என்ன போட்டிருக்கான்னா "ஊருக்குப் போக வேண்டும், குடும்பத்தைப் பார்க்க வேண்டும்". அவ்ளோதான். இத படிக்கிறவருக்கு என்ன தெரியும், இதே வரிதான் ஆயிரக்கணக்குல வந்திருக்கும். 

அப்புறம் நாங்க ஒக்காந்து கான்சுலேட்டுக்கு ஒரு மெயில் போட்டோம். மொத வரியிலயே பதிவு நம்பர், பாஸ்போர்ட் நம்பர், போற ஏர்போர்ட். ரெண்டாவது வரி, இந்த தேதியில விசா கேன்சல் ஆச்சு, இந்த தேதிக்கு மேல தங்குனா ஃபைன். மூணாவது வரி, சர்க்கரை நோய், கால்புண், கிளினிக் சீட்டு இணைச்சிருக்கு. நாலாவது, சம்பளம் நின்னு போச்சு. கதை எதுவும் எழுதல. கேன்சலேசன் பேப்பர், கிளினிக் சீட்டு, பாஸ்போர்ட் மொத பக்கம் கடைசி பக்கம், நாலையும் போட்டோவா இல்லாம ஸ்கேன் பண்ணி ஒரே ஃபைலா அனுப்புனோம். அந்த வாரமே அவருக்கு போன் வந்துருச்சு. மெயிலாலதான் வந்துச்சான்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது, ஆனா அதுக்கப்புறம் எங்க பிளாக்ல எல்லாருக்கும் இதே மாதிரி நாலு வரிதான் எழுதுனேன்.

இந்த மெயில் ஐடி விசயம் ஒண்ணு சொல்லணும். கேம்ப்ல இருந்த பாதி பேருக்கு மெயில் ஐடி இருக்கு, ஆனா அது யாரு கையிலன்னா ஊர்ல ஏஜெண்டு ஆபீஸ்லயோ பிரவுசிங் சென்டர்லயோ வேலை பாத்த பையன் கையில. பாஸ்வேர்டு இவங்களுக்குத் தெரியாது. போன் வாங்குனப்ப கடைக்காரன் ஒரு ஐடி போட்டுக் குடுத்திருப்பான், அது வேற. இப்படி இருந்தா லிஸ்ட்டுல பேரு வந்தாலும் செய்தி எங்கயோ போயி கெடக்கும். போனும் அப்படித்தான், தெரியாத லேண்ட்லைன் நம்பர்ல இருந்து வரும், லோன் குடுக்குற பேங்க்காரன்னு நெனச்சு கட் பண்ணிருவாங்க. எங்க ரூம்ல ஒரு ரூல் போட்டோம், எந்த நம்பர் வந்தாலும் எடுக்கணும், குளிக்கப் போனா பக்கத்து கட்டில்காரன் எடுக்கணும். லிஸ்ட்டுல வந்த ஆளு போன எடுக்கலன்னா அடுத்த ஆளுக்கு போயிருவாங்க, ஃப்ளைட்டு நாளைக்கோ நாளான்னைக்கோ இருக்கும், அவங்களுக்கும் வேற வழி இல்ல.

பேரு பிரச்சனை தமிழ்நாட்டுக்காரனுக்குன்னே வந்த பிரச்சனை. நமக்கு குடும்பப் பேரு கெடையாது, பாஸ்போர்ட்ல சர்நேம் எடம் காலியா இருக்கும், இல்லன்னா அப்பா பேரு இருக்கும். எமிரேட்ஸ் ஐடியில (அங்க குடுக்குற அடையாள அட்டை) அத முன்னுக்குப் பின்னா போட்டிருப்பான், ஒரு எழுத்து வேற வந்திருக்கும். பதிவுல ஐடிய பாத்து பேரு போட்டவனுக்கு டிக்கெட்டு போடுறப்ப பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகல. சாதா நாள்னா கவுண்டர்ல பேசி சரி பண்ணிக்கலாம், அன்னைக்கு ஆபீஸ் பாதி மூடிக் கெடக்கு, யார்கிட்ட பேசுறது. அதனால எதுல பேரு எழுதுனாலும் பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பாத்து எழுதுங்க, ஐடிய மறந்துருங்க.

பாஸ்போர்ட் பெரும்பாலும் கம்பெனி கையில இருக்கும். அது சட்டப்படி தப்பு, யூஏஇயிலயே தப்புதான், ஆனா நடைமுறை அதுதான். ஊரடங்குல பிஆர்ஓ (கம்பெனியோட விசா, கவர்மெண்டு பேப்பர் வேலைய பாக்குறவரு) ஆபீசுக்கே வரல, பீரோ சாவி அவருகிட்ட. எங்களுக்கு அத வாங்குறதுக்கே பெரிய பாடு ஆயிருச்சு, கடைசியில போர்மேன் சொந்தக் காருல போயி அவரக் கூட்டிட்டு வந்து எடுத்துக் குடுத்தாரு. வளைகுடாவுல இருக்குறவங்க யாராச்சும் இத படிச்சா, குறைஞ்சது கலர் ஸ்கேனாவது உங்க மெயில்ல, வீட்டுக்காரம்மா போன்ல, ரெண்டு எடத்துல இருக்கட்டும். பாஸ்போர்ட் முடியுற தேதியையும் பாருங்க.

இப்ப காசு விசயம். ஆளக் கொறைக்கிறேன்னு வேலைய விட்டு எடுத்தா திருப்பி அனுப்புற டிக்கெட்டு கம்பெனி செலவுதான், அது அங்க உள்ள தொழிலாளர் சட்டம். அந்த மார்ச் மாசக் கடைசியில 279ன்னு ஒரு மந்திரி ஆணையும் வந்துச்சு, கம்பெனிங்க சம்பளத்த கொறைக்கலாம், சம்பளம் இல்லாம லீவு குடுக்கலாம், ஆனா தொழிலாளி ஒத்துக்கிட்டு கையெழுத்து போடணும், அதிகப்படி ஆளுன்னு சொன்னாலும் அவன் நாட்ட விட்டு போற வரைக்கும் இல்ல வேற வேலை கெடைக்கிற வரைக்கும் தங்க எடமும் பாக்கியும் கம்பெனி பொறுப்பு. ஆனா கேம்ப்ல நடந்தது என்ன, ஒரு நாள் சாயங்காலம் கட்டுக் கட்டா பேப்பர் கொண்டு வந்து டேபிள்ல வச்சு கையெழுத்து போடுங்கன்னாங்க. அரபியும் இங்கிலீஷும். முக்கால்வாசிப் பேரு போட்டுட்டாங்க. அதுல ஒரு பேப்பர் "நானா கேட்டு சம்பளமில்லாத லீவுல போறேன்"ங்கிற மாதிரி. நானா கேட்டுன்னு வந்துட்டா டிக்கெட்டு கம்பெனி தலையில இல்ல, வேலை போனவன்ங்கிற வகையிலயும் வரமாட்டீங்க, செட்டில்மெண்டும் கெடையாது. ஒரே கையெழுத்துல மூணும் போச்சு. எங்க ரூம்ல ஒரு கும்பகோணத்து பையன் மட்டும், "அண்ணே, போட்டோ எடுத்துக்குறேன், படிச்சுட்டு நாளைக்கு தர்றேன்"னு சொன்னான், கொண்டு வந்தவரு ஒண்ணும் சொல்லல, சரின்னுட்டாரு. கேக்குறவனுக்கு மறுக்க முடியாது, கேக்குறதுக்குத்தான் ஆளு இல்ல.

டிக்கெட்டுக்கு காசே இல்லாதவனுக்கும் வழி இருந்துச்சு, நெறய பேருக்குத் தெரியாது. இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு எல்லா இந்திய தூதரகத்துலயும் இருக்கு, 2009ல தொடங்குனது. பாஸ்போர்ட் ரென்யூவல், அட்டெஸ்டேசன்னு போறப்ப சர்வீஸ் சார்ஜோட சேத்து சின்னதா ஒரு தொகை நம்மகிட்ட வாங்குவாங்க பாருங்க, அந்த காசுதான் அந்த நிதி. கஷ்டத்துல உள்ளவனுக்கு தங்க எடம், சாப்பாடு, அவசர வைத்தியம், ஊருக்கு டிக்கெட்டு, எறந்தவங்க உடம்ப அனுப்புற செலவு, சில ஃபைன், வக்கீல் உதவி, இதுக்கெல்லாம் அதுல இருந்து குடுக்கலாம். ஆனா தானா வராது, எழுதிக் கேக்கணும், உண்மையிலேயே வழி இல்லன்னு காட்டணும். பேங்க் ஸ்டேட்மெண்டு, சம்பளம் வராத மாசங்கள், கம்பெனிக்கு அனுப்புன மெசேஜ், இதெல்லாம் வேணும். நம்ம ஆளுங்க இதுக்கு கூச்சப்பட்டாங்க, "கவர்மெண்டுகிட்ட கையேந்தணுமா தம்பி"ன்னு ஒரு பெரியவரு கேட்டாரு. நீங்க கட்டுன காசுதான் பெரியவரேன்னு வெளக்கி சொன்ன பின்னாடிதான் ஒத்துக்கிட்டாரு. துபாய்ல பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரான்னு 24 மணி நேர ஹெல்ப்லைன் சென்டரும் இருக்கு, ஃப்ரீ நம்பர், இந்த மாதிரி விசயத்துக்கு மொதல்ல அங்க கேக்கலாம்.

இதுக்கு நடுவுல ஏஜெண்டுங்க. லிஸ்ட்டுல பேரு சேத்து விடுறேன், இவ்ளோ திர்ஹாம் குடுன்னு வாட்சப்ல ஒரு கூட்டம். லிஸ்ட்டு போட்டது தூதரகம், காசு வாங்குனது ஏர்லைன், நடுவுல மூணாவது ஆளுக்கு எடமே கெடையாது. ஆனா பயத்துல இருக்குறவனுக்கு இது எங்க உறைக்குது.

இன்னொரு பெரிய பாடம், சென்ட்ரல் கவர்மெண்டு ஃப்ளைட்டு விட்டா மட்டும் பத்தாது, எறங்குற மாநிலம் சரின்னு சொல்லணும். எறங்குறவங்கள டெஸ்ட் பண்ணி தங்க வைக்கிறது அப்ப மாநிலத்தோட வேலை, அதனால எத்தன பேர தாங்க முடியும்னு அவங்க சொன்ன கணக்குலதான் ஃப்ளைட்டு வந்துச்சு. கேரளாவுக்கு வரிசையா ஃப்ளைட்டு போறத பாத்துட்டு எங்க கேம்ப்ல ஒரே பொருமல். அந்த மே மாசம் சென்னைல கேஸு கோயம்பேடு மார்க்கெட்டுல இருந்து பரவி எக்கச்சக்கமா ஏறிக்கிட்டு இருந்துச்சு, மாநில அரசு தயங்குனதுக்கும் காரணம் இருந்துச்சுன்னு இப்ப தோணுது, அப்ப தோணல. தமிழ்நாடு அரசு வெளிநாட்டுத் தமிழர்களுக்குன்னு தனியா ஒரு சைட்ல பேரு பதிவு பண்ணச் சொன்னாங்க. எம்பசியில பதிஞ்சாச்சே, இது எதுக்குன்னு நெறய பேரு விட்டுட்டாங்க. ரெண்டுலயும் பதிஞ்சிருக்கணும், எத்தன பேரு வரப்போறாங்கன்னு மாநிலத்துக்கு வேற எப்படித் தெரியும். எங்க மேசன் அண்ணன் மாதிரி திருச்சி பக்கத்து ஆளுங்க திருச்சி ஃப்ளைட்டுதான் வேணும்னு காத்திருக்காம, சென்னை கெடைச்சா சென்னைன்னு போட்டது நல்லதா போச்சு, எறங்குன பின்னாடி மாவட்டத்துக்கு போறதுக்கு ஏற்பாடு இருந்துச்சு.

ஃப்ளைட்டு மட்டும் இல்ல, கப்பலும் வந்துச்சு. நேவியோட சமுத்திர சேதுங்கிற திட்டம். ஐஎன்எஸ் ஜலஷ்வா மாலத்தீவுல இருந்து 698 பேர மே 10 அன்னைக்கு கொச்சியில எறக்குச்சு, ஜூன்ல கொழும்புல இருந்தும் மாலேல இருந்தும் தூத்துக்குடிக்கு வந்துச்சு. ஈரான்ல மாட்டிக்கிட்ட நம்ம மீனவங்க மாசக்கணக்கா படகுலயே கெடந்து, ஜூலை 1 அன்னைக்குத்தான் அதே கப்பல்ல தூத்துக்குடி வந்து சேந்தாங்க. அவங்க நெலமையோட பாத்தா எங்க கேம்ப்பு சொர்க்கம்னுதான் சொல்லணும்.

நான் வந்தது மே கடைசியில. ஏர்போர்ட்டுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லிட்டாங்க. அங்க துபாய் ஹெல்த்காரங்க ரத்தம் எடுத்து ரேபிட் டெஸ்ட் பண்ணாங்க, அதுல தப்பு வந்தா ஃப்ளைட்டு கெடையாது. அந்த ரிசல்ட்டுக்கு காத்திருந்த நேரம் இருக்கே, வரிசையா பிளாஸ்டிக் சேர், ஒரு சேர் விட்டு ஒரு சேர், யாரும் யார்கிட்டயும் பேசல, ஒரு அக்கா நிறைமாசமா வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க, நர்ஸ் பேரக் கூப்புடுறப்ப எல்லாம் எல்லாரும் ஒண்ணா தலைய தூக்கிப் பாப்பாங்க. சுகர், பிபி மாத்திரை எல்லாம் கைப்பையில வைங்க, பெட்டியில போட்டுறாதீங்க. அங்க காத்திருந்தது, ஃப்ளைட்டு, சென்னைல எறங்குன பின்னாடி காத்திருந்தது எல்லாம் சேத்தா ஒரு முழு நாள் ஓடிருச்சு. பேனா ஒண்ணு கையில இருக்கணும், ஃபார்ம் மேல ஃபார்ம் வந்துச்சு, பேனா கைமாத்து கேட்டா யாரும் தரமாட்டான் அந்த நேரத்துல. ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு உறுதிமொழி கையெழுத்து வாங்குனாங்க, என் சொந்தப் பொறுப்புல வர்றேன், சொந்த செலவுல தனிமையில இருப்பேன்னு. சீட்டு மேல மாஸ்க்கு, சானிடைசர், ஒரு பொட்டலம் முன்னாடியே வச்சிருந்தாங்க.

சென்னைல காய்ச்சல் பாத்து, மூக்குல குச்சி விட்டு எடுத்து, அப்புறம் ஒரு டேபிள்ல கேட்டாங்க, ஓட்டலா ஃப்ரீயான்னு. மே 24ல வந்த ரூல் படி 7 நாள் வெளிய தனிமை, 7 நாள் வீட்டுல. ஃப்ரீன்னா காலேஜ் ஆஸ்டல். நான் ஆஸ்டல்தான் போனேன். எல்லாரும் பயமுறுத்துன அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஃபேன் ஓடுச்சு, தண்ணி வந்துச்சு, மூணு வேளை சாப்பாடு வாசல்ல வச்சுட்டு போனாங்க, கேம்ப்ல இருந்தவனுக்கு தனி ரூமே பெருசு. கைக்குழந்தையோட, கர்ப்பிணியோட வந்தவங்களுக்கு வேற மாதிரி பாத்துக்கிட்டாங்க. டெஸ்ட் ரிசல்ட்டு காப்பி கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு, வாயால நெகட்டிவ்னு சொன்னா பத்தல, மாவட்ட எல்லையில போலீசு நிறுத்துனப்ப காட்ட அது வேணும். வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க, அக்கம்பக்கத்துல பேசத்தான் செஞ்சாங்க, முன்னாடி துபாய்ல இருந்து பணத்தோட வந்தப்ப எட்டிப் பாத்தவங்க அப்ப சன்னல சாத்திக்கிட்டாங்க. போகட்டும்.

பாக்கி சம்பளம், கிராஜுவிட்டி வாங்காம கெளம்புனவங்க எங்க கேம்ப்ல நெறய பேரு. அப்புறம் அனுப்புறோம்னு வாயால சொன்னாங்க. நான் கெளம்புறதுக்கு முன்னாடி கணக்க எழுதி வாங்கிட்டேன், எத்தன மாசப் பாக்கி, எவ்ளோ லீவு சம்பளம், கம்பெனி சீலோட. டைம் ஷீட்டும் சேலரி ஸ்லிப்பும் போன்ல இருந்துச்சு. ஊருக்கு வந்தும் மாசக்கணக்கா வரல, வெளியுறவுத்துறையோட மதத்ங்கிற போர்ட்டல்ல புகார் போட்டேன், இது 2015ல இருந்தே இருக்கு, இந்தியாவுல இருந்துக்கிட்டே போடலாம், புகார் சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குப் போகும், எங்க நிக்குதுன்னு நாமளே பாத்துக்கலாம். பேப்பர் இருந்ததால கம்பெனிக்காரன் இல்லன்னு சொல்ல முடியல, ரெண்டு தவணையா குடுத்தான். அங்க நம்பிக்கையான ஆளு யாராச்சும் இருந்தா கெளம்புறதுக்கு முன்னாடியே அவங்க பேருக்கு ஒரு பவர் ஆஃப் அட்டார்னி எழுதிக் குடுத்துட்டு வர்றது இன்னும் நல்லது, லேபர் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டி வந்தா நாம இங்க இருந்து ஒண்ணும் பண்ண முடியாது. பேங்க் அக்கவுண்டையும் அவசரப்பட்டு க்ளோஸ் பண்ணிறாதீங்க, பாக்கி வந்தா அதுலதான் போடுவாங்க.